அருப்புக்கோட்டைத் தேவாங்கர்

அருப்புக்கோட்டைத் தேவாங்கர் என்போர் தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் உள்ள அருப்புக்கோட்டையில் வாழும், நெசவை மரபுத் தொழிலாகக் கொண்ட சமூகத்தினர் ஆவர். இவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் கன்னடம் பேசுகின்றனர். கன்னட நாட்டிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் குடிபெயர்ந்த இவர்கள், குலப்பெயர், வீட்டுமொழி, அம்மன் விழா ஆகியவற்றின் வழியே தம் மரபைப் பேணி வருகின்றனர்.

பின்னணி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழை குறைந்த கரிசல் நிலப்பகுதி ஆகும். இங்கு மானாவாரி வேளாண்மையே மிகுதி. கரிசலில் பருத்தி விளைந்ததும், தறித்தொழில் ஆற்றுப்பாசனத்தை நம்பி நில்லாததும் நெசவாளர் குடியிருப்புகள் நிலைபெறத் துணைசெய்தன. அருப்புக்கோட்டையில் தேவாங்கருடன் சாலியரும் நெசவில் ஈடுபட்டு வந்துள்ளனர்.

எட்கர் தர்சுடன் 1909 இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூல், தேவாங்கரைத் தெலுங்கு அல்லது கன்னடம் பேசும் நெசவாளர் எனக் குறிப்பிடுகிறது.

தொன்மம்

தேவாங்கர் தம்மைத் தேவல முனிவரின் வழிவந்தோர் என்பர். தேவர்களுக்கு ஆடை நெய்யத் திருமாலின் உந்தித் தாமரையிலிருந்து நூல் பெற்றுத் திரும்பிய முனிவரை அசுரர் தாக்கினர் என்றும், அப்போது அம்மன் தோன்றிக் காத்தாள் என்றும் தொன்மம் கூறுகிறது. அசுரரின் குருதியே நூலுக்குச் சாயமாயிற்று என்பர். அந்த அம்மனே குலதெய்வமான சௌடேசுவரி. சௌடாம்பிகை என்றும் அழைக்கப்படுகிறாள். அமாவாசையன்று தறியை நிறுத்தி அம்மனை வழிபடுவது மரபு.

விழாக்கள்

அம்மன் விழாவில் கத்தி போடுதல் முதன்மையான சடங்கு ஆகும். வீரகுமாரர் எனப்படும் ஆடவர் நோன்பிருந்து, கைகளில் கத்தி ஏந்தி, மார்பிலும் கைகளிலும் கீறிக்கொண்டு அம்மனை அழைத்து வருவர். அம்மன் தம்முடன் வர மறுத்து நின்றபோது பக்தர்கள் தம்மை வருத்தி அழைத்ததன் நினைவு இது என்பர். கும்பத்தின் மேல் கத்தியைச் செங்குத்தாக நிறுத்தும் அலகு நிறுத்துதலும் உண்டு. விழா நாள் ஊருக்கு ஊர் மாறுபடும். கொங்குப் பகுதியில் விசயதசமியன்று நடைபெறுவது வழக்கம்.

ஆவணி முழுநிலவு நாளில் புதுப் பூணூல் அணிவர். தமிழ்ப் புத்தாண்டு சித்திரையில் பிறக்க, கன்னடர் புத்தாண்டான யுகாதியும் கொண்டாடப்படுகிறது.

குலப்பெயர்கள்

இச்சமூகத்தில் குலப்பெயர்கள் கன்னட வடிவிலேயே வழங்குகின்றன. இருமனேரு, கப்பேலாரு போன்றவை எடுத்துக்காட்டுகள். 'மனெ' என்பது கன்னடத்தில் வீட்டைக் குறிக்கும். ஒரே குலத்தார் பங்காளிகள் ஆதலால் அவர்களுக்குள் மணவுறவு இல்லை. இதனால் கன்னடம் எழுதப் படிக்க அறியாதவரும் தம் குலப்பெயரை அறிந்திருப்பர்.

கல்வியும் மொழியும்

அருப்புக்கோட்டை தேவாங்கர் கலைக்கல்லூரி 1970 இல் தொடங்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க இந்திய அரசியலமைப்பின் 350அ பிரிவு (1956) வழிவகுக்கிறது. எனினும் இங்குள்ள தேவாங்கர் பொதுவாகத் தமிழிலேயே பயில்கின்றனர். ஆகவே இவர்களது கன்னடம் எழுத்தின்றிப் பேச்சாகவே கைமாறுகிறது. தமிழ்ச் சொற்கள் பலவும் அதில் கலந்துள்ளன. மதுரைச் சௌராட்டிர நெசவாளரிடையே சௌராட்டிர மொழி வீட்டுமொழியாக நிலைத்திருப்பது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இன்றைய நிலை

கைத்தறியின் இடத்தை விசைத்தறி பெருமளவு பிடித்துள்ளது. பலர் வேறு தொழில்களுக்கும் வெளியூர்களுக்கும் சென்றுள்ளனர். தறியோடு பிணைந்திருந்த அமாவாசை ஓய்வு போன்ற வழக்கங்கள், தறியில்லாத வீடுகளில் தம் பழைய பொருளை இழக்கின்றன. வீட்டில் பேசினாலன்றி மொழி அடுத்த தலைமுறையைச் சென்றடைய வேறு வழி அரிது. குலப்பெயரும் அம்மன் விழாவுமே தறியை விட்டவரையும் மரபோடு இணைத்து வைப்பவையாக உள்ளன.