கப்பல் டிக்கெட்டுல எதெல்லாம் அடக்கம்?

காடாம்புலியூர்ல இருந்து பேசுறேன். சென்னையில இருந்து சொகுசுக் கப்பல்ல போகலாம்னு நண்பர்கள் ரெண்டு பேர் கணக்குப் போட்டுட்டு இருந்தாங்க. எல்லாம் அடங்கின பேக்கேஜ் எடுக்கலாமா, இல்ல ஏறின பிறகு வேணுங்கிறதுக்கு மட்டும் காசு கொடுக்கலாமா? எனக்கு நாகப்பட்டினம் ஞாபகம் வந்துச்சு.

நூறு வருஷத்துக்கு முன்னாடி அங்கிருந்துதான் நம்ம பக்கத்து ஆட்கள் பினாங்குக்குக் கப்பல் ஏறினாங்க. மலாயா தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்த கங்காணி, கப்பல் கட்டணம், வழிச்செலவு எல்லாத்தையும் முன்பணமா கொடுத்துடுவார். ஏறும்போது கையில காசே வேண்டாம். ஆனா தோட்டத்துல கால் வச்சதும் அது கடன். மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சாங்க.

1907-ல தமிழர் குடியேற்ற நிதி வந்துச்சு. தோட்ட முதலாளிகள்கிட்ட வரி வசூலிச்சு, அந்தப் பணத்துல தொழிலாளியோட பயணச் செலவைக் கொடுத்தாங்க. இப்போ அவர் கடனில்லாம இறங்கினார். முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டுச்சு, அதனால கொடுத்தாங்க, தர்மம் இல்ல. கூலி குறைவாவே இருந்துச்சு. கடைசியில 1938-ல இந்திய அரசே இந்த உதவிப் பயணத்தைத் தடை செஞ்சது.

ரெண்டுலயும் ஏறும்போது பயணி கொடுத்தது பூஜ்யம்தான். வித்தியாசம், பில் பின்னாடி யார்கிட்ட வந்துச்சுங்கிறதுல. அதனால நண்பர்கள்கிட்ட ஒண்ணுதான் சொன்னேன்: விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, எது அடங்கலன்னு எழுதியிருக்கிற பட்டியலை முழுசா படிங்க. இறங்குற அன்னைக்கு வர்ற பில்லுதான் உண்மையான விலை.