பூர்ணம் விசுவநாதன்: நம்பப்பட்ட குரல்

ஒக்கலிபுரத்து ரயில் பாதையோரம் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பூர்ணம் விசுவநாதனை முகத்தால் அறியாதார் அரியர். பெயரைச் சொன்னால் ஒரு கணம் தயங்குவர். 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் கமலஹாசனுக்குத் தந்தையாக வந்த சங்கீத வித்துவான் என்றால் உடனே முகம் மலர்வர். குணச்சித்திர நடிகர்க்கு வாய்க்கும் புகழ் பெரும்பாலும் இவ்வளவே. கதாநாயகனின் பெயர் நிலைக்கிறது. அவனுக்குத் தந்தையாகவும் தலைமையாசிரியராகவும் மாமனாராகவும் வந்தவரின் முகம் மட்டும் நிலைக்கிறது.

ஆனால் பூர்ணத்தின் முகம் பிரசித்தி அடைவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய குரல் தமிழரின் இல்லந்தோறும் புகுந்திருந்தது. அக்குரலை உருவாக்கியது டில்லி. அக்குரலுக்கேற்ற நாடகங்களைப் பின்னாளில் எழுதியளித்தவரோ நம் பெங்களூரில் உத்தியோகம் பார்த்தவர். தாயகத்துக்கு வெளியே வாழும் நாம் இந்நடிகரின் சரித்திரத்தை நம் சரித்திரத்தின் ஒரு பகுதியாகக் கொள்வதற்கு நியாயம் உண்டு.

1921 நவம்பர் 15 ஆம் நாள் பிறந்த விசுவநாதன், நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினர். அக்குடும்பத்தில் எழுத்து ஊறிக் கிடந்தது. 'முள்ளும் மலரும்' நாவலை எழுதிய உமாசந்திரன் இவருடைய தமையனார். அந்நாவல் 1978-இல் மகேந்திரனின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. மற்றொரு சகோதரரான சோமசுந்தரம், மாஸ்கோவில் அமர்ந்து ருஷ்ய இலக்கியத்தைத் தமிழாக்கியவர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நாம் அப்பெயரைச் சற்று மரியாதையோடுதான் உச்சரிக்கிறோம்.

விசுவநாதன் 1945-இல் அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசிப்பவராக டில்லிக்குச் சென்றார். செய்தி வாசிப்பு என்பது எழுதித் தந்ததை உரக்கப் படிக்கும் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. செய்தி ஆங்கிலத்தில் வந்து சேரும். அதனைத் தமிழாக்க வேண்டியவர் பெரும்பாலும் வாசிப்பவரே. கடிகாரமோ காத்திராது. நீண்ட ஆங்கில வாக்கியத்தை இரண்டாக, மூன்றாகப் பிளந்து, ஒரே மூச்சில் சொல்லத்தக்க அளவில் ஒவ்வொன்றையும் அமைக்க வேண்டும். போதாக்குறைக்கு, தமிழே சட்டை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. 'அபேட்சகர்' போய் 'வேட்பாளர்' வந்துகொண்டிருந்தார். எந்தச் சொல்லை இட்டால் யாழ்ப்பாணத்தாரும் கோலாலம்பூராரும் கோயம்புத்தூராரும் ஒருங்கே விளங்கிக்கொள்வர் என்பதை அந்தச் சில நிமிடங்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும். கண்ணால் படிப்பவர் ஐயம் எழுந்தால் மீண்டும் மேலே போய்ப் பார்க்கலாம். காதால் கேட்பவர்க்கு அந்தச் சலுகை கிடையாது.

இதனினும் கடினமான பயிற்சி ஒன்று உண்டு. வாசிப்பவர் அழக்கூடாது, களிக்கவும் கூடாது. செய்தியில் உள்ள துயரமும் உவகையும் கேட்பவருடைய நெஞ்சில்தான் எழ வேண்டும். 1947 ஆகஸ்ட் 15 ஆம் நாள் பாரதம் சுதந்தரம் அடைந்த செய்தியை வானொலியில் தமிழர்க்கு வாசித்தளித்தவர் இவரே. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. இருபத்தைந்து வயது இளைஞன், அத்தகைய செய்தியை, குரல் இடறாமல் வாசித்து முடிப்பதென்றால் அதற்கு எத்துணை அடக்கம் வேண்டும்! அவருடைய நடிப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது நம் துணிபு.

டில்லித் தமிழர், அலுவலகம் விட்ட பின் ஒத்திகை பார்த்து நாடகம் போட்டவர்கள். அரங்கினரும் அவையினரும் ஏறத்தாழ ஒரே கூட்டம். விசுவநாதன் அந்த மேடைகளில் வளர்ந்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்து, பூர்ணம் நியூ தியேட்டர் என்ற குழுவை நடத்தினார்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒக்கலிபுரத்துக்கு வடக்கே ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே பொறியாளராகப் பணி புரிந்த எஸ். ரங்கராஜன்தான் எழுத்தாளர் சுஜாதா. இன்று நாம் வாக்களிக்கும் மின்னணு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. 'ஊஞ்சல்', 'அடிமைகள்', 'டாக்டர் நரேந்திரனின் விநோத வழக்கு', 'கடவுள் வந்திருந்தார்' முதலிய அவருடைய நாடகங்கள் பூர்ணத்தின் குழுவால் மேடையேறின. 'ஊஞ்சல்', தன் காலம் முடிந்துவிட்டது என்பதை ஏற்க மறுக்கும் ஒரு முதியவரின் கதை. 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்திலோ, ஓய்வு பெற்ற சீனிவாசன் என்பவரிடம் எதிர்காலத்திலிருந்து ஒருவன் வந்து சேர்கிறான். அவன் சீனிவாசன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான்; வீட்டார் அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதென முடிவு கட்டுகின்றனர்.

எவரும் நம்பாத ஒன்றைச் சொல்லும் அப்பாத்திரத்துக்கு, ஆண்டுக்கணக்கில் நாடே நம்பிய குரல் கிடைத்தது. இப்பொருத்தத்தைச் சுஜாதா எண்ணிப் பார்த்துத்தான் செய்தாரோ, தானாக அமைந்ததோ, எவ்வாறாயினும் சிரிப்பின் பாதி அதில்தான் இருந்திருக்க வேண்டும். 'இருந்திருக்க வேண்டும்' என்றே சொல்கிறோம். நாம் அந்நாடகங்களை அச்சில் மட்டும் படித்தறிந்த தலைமுறையினர். நாடக நூலில் வசனம் இருக்கிறது. எந்தச் சொல்லுக்குமுன் அவர் எவ்வளவு நேரம் நிறுத்தினார் என்பது நூலில் இல்லை. செய்தி வாசிப்பும் மேடை நடிப்பும் அன்றன்றே காற்றில் கரைபவை. அவருடைய வாழ்வின் பெரும்பகுதி அவ்விரண்டிலும்தான் கழிந்தது.

திரைப்படம் அவரை இடைவிடாது அழைத்தபோது அறுபது வயதை நெருங்கியிருந்தார். ஆங்கில நடிகர் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட் பல்லாண்டு மேடையில் உழைத்த பின், 1941-இல் தம் அறுபத்தோராம் வயதில் 'மால்டீஸ் ஃபால்கன்' வழியாக முதன்முதலில் திரைக்கு வந்ததை இங்கு நினைக்கலாம். அவருடைய மூலதனம் பருத்த உடலும் அச்சமூட்டும் சிரிப்பும். பூர்ணத்தின் மூலதனம் நம் தெருவில் வசிப்பவர் போன்ற தோற்றம். 1981-இல் 'தில்லு முல்லு'வில் ரஜினிகாந்துக்கு யோசனை சொல்லும் டாக்டர், 1994-இல் 'மகாநதி'யில் சிறைக்குள் துணையாக அமையும் முதியவர், 1995-இல் 'ஆசை'யில் மகளைப் பெற்ற தந்தை என்று எல்லாமே சிறிய இடங்கள்தாம். சில படங்கள் அவருக்கு ஒரே விதமான தந்தை வேடத்தைத் திரும்பத் திரும்பத் தந்தன. அவற்றில் அவருடைய திறமைக்கு வேலையே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுஜாதா 2008 பிப்ரவரி 27-இல் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபர் 1-இல் பூர்ணம் விசுவநாதனும் மறைந்தார்.

அவரை அறியாத இளைஞர் எவரேனும் எந்தப் படத்தை முதலில் பார்ப்பது என்று கேட்டால், வசந்த் இயக்கி 1990-இல் வெளிவந்த 'கேளடி கண்மணி'யைச் சொல்வோம். அதில் ராதிகாவின் பெற்றோராகப் பூர்ணமும் ஸ்ரீவித்யாவும் நடித்தனர். இருவருமே செவி கேளாத, வாய் பேசாத பாத்திரங்கள். சுதந்தரச் செய்தியை வாசித்தவரிடமிருந்து குரலை முற்றிலும் பறித்துவிட்டு நடிக்கச் சொன்னார்கள். கண்களையும் விரல்களையும் கொண்டு, மகளைப் பிரிய அஞ்சும் ஒரு தந்தையை அவர் காட்டினார்.