சவுக்கேந்திய நாயகி

இந்தியாவில் பேசும்படம் பிறந்து நான்கு வருஷங்களே கடந்திருந்த 1935-ஆம் ஆண்டில், பம்பாய் வாடியா மூவிடோன் அதிபர்களான ஜே. பி. எச். வாடியா, ஹோமி வாடியா என்னும் சகோதரர்கள் தயாரித்த ‘ஹண்டர்வாலி’ என்ற சித்திரத்தை வாங்க விநியோகஸ்தர்கள் முன்வராமையால், அதை அவர்களே துணிந்து வெளியிட நேர்ந்தது. பொன்னிறக் கூந்தலும் நீலக் கண்களும் படைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண், ராஜகுமாரி மாதுரியாக முகமூடி தரித்து, சவுக்கேந்திக் குதிரைமீது பாய்ந்து துஷ்டர்களைச் சிக்ஷிப்பதை ஜனங்கள் ஒப்புவார்களா என்று வியாபாரிகள் ஐயுற்றது இயல்பே. ஜனங்களோ மாதக்கணக்கில் கொட்டகையை நிரப்பினார்கள்.

மேரி ஆன் எவான்ஸ் என்ற இயற்பெயரோடு 1908-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்து, ராணுவத்திலிருந்த தந்தையோடு சிறு வயதிலேயே இந்தியா வந்து, ஸர்க்கஸிலும் உழைத்து, பின்னர் நாடியா என்று பெயர் பூண்ட அந்த அம்மையார், 1936-இல் வெளிவந்த ‘மிஸ் பிராண்டியர் மெயில்’ சித்திரத்தில் ஓடும் ரயிலின் கூரைமீது முரடர்களோடு கைகலந்து, ஆடவன் ஒருவனைத் தலைக்குமேல் தூக்கி நிற்பதைக் காணும்போது, அல்லி ராணியின் கதை கேட்டு வளர்ந்த நமக்குக்கூடச் சிறிது வியப்புண்டாகிறது. அல்லி கடைசியில் அர்ஜுனனுக்கு அடங்கினாள். நாடியாவின் கதாபாத்திரங்களோ ஆண்களிடையே தோழராகவும் தலைவராகவும் நடமாடினவேயன்றி, அவர்களது தயவை வேண்டி நின்றவை அல்ல. தேகபலத்திற்குப் பேர்போன ஜான் காவஸ் உடன் நடித்த படங்களிலும் ரசிகர்களின் கண் நாடியாவின்மீதே இருந்தது. ‘ஹண்டர்வாலி’யை இயக்கிய அதே ஹோமி வாடியாவையே அவர் 1961-இல் விவாகம் செய்துகொண்டார்.