பாலாறும் எரேமியா வாங்கிய நிலமும்

இறைவாக்கினர்களின் நூல்களை வாசிக்கும்போது நம்மில் பலருக்கு ஒருவித அச்சம் ஏற்படுவதுண்டு. பக்கத்துக்குப் பக்கம் வாள், பஞ்சம், கொள்ளைநோய், நாடு கடத்தல். ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று சொல்லி அப்பக்கங்களைக் கடந்துவிடுகிறோம். பழமொழி தவறன்று, ஆனால் பாதிதான் சரி. அடிப்பதற்கும் அணைப்பதற்கும் நடுவில் என்ன நடக்கவேண்டும் என்பதை அது சொல்வதில்லை. இறைவாக்கினர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வாழும் நமக்கு அது ஏட்டில் உள்ள செய்தி மட்டுமல்ல, பாலாற்றங்கரையின் செய்தியும்கூட.

எபிரேய மொழியில் ‘மூசார்’ என்றொரு சொல் உண்டு. கண்டித்தல் என்றும் பொருள், கற்பித்தல் என்றும் பொருள். தந்தை தன் மகனைப் பயிற்றுவிப்பதுபோல் ஆண்டவர் இஸ்ரயேலைப் பயிற்றுவித்தார் என்கிறது இணைச்சட்டம் (8:5). ஆயினும் இறைவாக்கினர் ஓசேயா வீட்டு முற்றத்தில் நிற்பதில்லை, வழக்கு மன்றத்துக்கே போய்விடுகிறார். நாட்டில் வாழ்வோர்மீது ஆண்டவர் வழக்குத் தொடுத்திருக்கிறார் என்று அறிவிக்கிறார் (4:1-3). குற்றச்சாட்டுகள் பொய், கொலை, களவு, விபசாரம். இவற்றால் நாடு புலம்புகிறது. காட்டு விலங்குகளும் வானத்துப் பறவைகளும் மடிகின்றன. கடல் மீன்கள்கூட அழிந்துபோகின்றன. மீன்கள் என்ன பாவம் செய்தன? மனிதர் உடன்படிக்கையை மீறும்போது முதலில் அடிபடுவது வாய் பேசாத நிலமும் நீரும்தான் என்பதை ஓசேயா கண்டிருந்தார்.

நம் பகுதியிலும் நிலத்துக்காகவும் நீருக்காகவும் ஒரு வழக்கு நடந்தது. ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். பின்னர் குரோம் முறை பரவியது. வேலை விரைந்தது, ஏற்றுமதி பெருகியது. ஆனால் குரோமியமும், தோல் கெடாதிருக்கத் தடவும் உப்பும் கழிவுநீரோடு பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்துவிட்டதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்த விவரமும் அந்த வழக்கில் வந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வெளியாயிற்று. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்ற இந்தத் தீர்ப்பு காரணமாயிற்று.

ஆற்றின் அழிவு இறைவன் கொடுத்த தண்டனையா? இக்கேள்விக்கு அவசரப்பட்டு ‘ஆம்’ என்று சொல்லக்கூடாது என்பது நம் கருத்து. கிணறு உப்பாகிப்போன விவசாயியிடம் சென்று, ஆண்டவர் உன்னைத் தண்டித்தார் என்று சொல்ல எந்த இறைவாக்கினரும் நமக்கு அனுமதி தரவில்லை. தந்தையர் புளித்த திராட்சையைத் தின்ன, பிள்ளைகளின் பல் கூசுகிறது என்று மக்கள் சொல்லிவந்த பழமொழியை எசேக்கியேல் வன்மையாக மறுக்கிறார் (18:2-4). 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். குற்றம் எங்கேயோ, சேறு விழுந்தது அவர்கள்மேல்.

தொழிலைச் சபிக்கவும் நமக்கு இடமில்லை. புனித பேதுரு யோப்பாவில் தங்கியது தோல் பதனிடும் சீமோனின் வீட்டில்தான் (திருத்தூதர் பணிகள் 9:43). நம் பங்குகளில் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிவதும், பிள்ளைகள் படிப்பதும் ஷூ கம்பெனிச் சம்பளத்தால். அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு கோவில் உண்டியலுக்கும் வருகிறது. ஆகவே இந்த வழக்கில் நாம் வெறும் பார்வையாளர்கள் அல்லர்.

அப்படியானால் நடுவில் நடக்கவேண்டியது என்ன? இறைவாக்கினர் மொழியில் அதற்குப் பெயர் ‘திரும்பி வருதல்’. எசேக்கியேல் அதைக் கண்ணீரால் அளக்கவில்லை. தீயவன் அடகுப் பொருளைத் திருப்பித் தந்து, பறித்ததை ஈடு செய்தால் வாழ்வான் என்கிறார் (33:15). லேவியர் நூலோ, பறித்ததோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துத் தரச் சொல்கிறது. ஒப்புரவு அருளடையாளம் பெற்று, மூன்று ‘அருள்நிறை மரியே’ சொல்லி எழுந்துவிடும் நமக்கு இது சற்றுக் கசக்கும். நீதிமன்றமும் இவ்வழியேதான் சென்றது: பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு மட்டும் போதாது, சீர்கெட்ட சுற்றுச்சூழலை மீட்கும் செலவும் மாசுபடுத்தியவருடையதே என்றது. 2001-ல் 29,000-க்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் வழக்கு முடியவில்லை. 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், இழப்பீடு கிடைக்காதோருக்கு அரசு அதனை வழங்கி, மாசுபடுத்தியோரிடமிருந்து அத்தொகையை வசூலிக்க வேண்டும் என்று மீண்டும் ஆணையிட்டது. முதல் மனுவுக்கும் இந்த ஆணைக்கும் இடையே 34 ஆண்டுகள்.

பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுக்கும் எரேமியா குறுக்கு வழி காட்டவில்லை. எழுபது ஆண்டுகள் என்றார் (29:10). விரைவில் திரும்பிவிடலாம் என்று ஆறுதல் சொன்ன அனனியாவைப் பொய் இறைவாக்கினன் என்றார். புதிய உடன்படிக்கை பற்றிய அவரது வாக்கை (31:31-34) நாம் தவக்காலத்தில் விரும்பிக் கேட்கிறோம். அடுத்த அதிகாரத்தை அந்த அளவு கேட்பதில்லை. எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார். அப்போது உறவினர் ஒருவர் வந்து, அனத்தோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். பகைவன் கைக்குப் போகவிருக்கும் நிலம். எந்தத் தரகரும் தொடமாட்டார். எரேமியா 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் முன் பத்திரம் எழுதி, அது நெடுங்காலம் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார் (32:9-14). இதயத்தில் எழுதப்படும் உடன்படிக்கைக்கு அடுத்த பக்கத்திலேயே ஒரு கிரயப் பத்திரம்! ஓசேயாவும் அப்படித்தான். மீட்பின் நாளில் ஆண்டவர் விலங்குகளோடும் பறவைகளோடும் உடன்படிக்கை செய்வார், வானம் நிலத்துக்கு மறுமொழி தரும், நிலம் தானியத்துக்கு மறுமொழி தரும் என்கிறார் (2:18-22). நிலத்தை விட்டுவிட்டு மனிதரோடு மட்டும் செய்துகொள்ளும் ஒப்புரவு அவர்களுக்குத் தெரியாது.

எசேக்கியேல் இறுதியாகக் கண்ட காட்சியும் ஓர் ஆறுதான். கோவில் வாசலிலிருந்து புறப்பட்டு, சென்ற இடமெல்லாம் உவர்நீரை நன்னீராக்கி, மீன்களை மீண்டும் பெருகச் செய்யும் ஆறு (47:1-12). மறையுரைகளில் நாம் வழக்கமாக விட்டுவிடும் வசனம் ஒன்று அதில் உண்டு. சேற்று நிலங்களும் சதுப்பு நிலங்களும் நலம் பெறமாட்டா. அவை உப்புக்கென்று விடப்படும் (47:11). பாலாற்றங்கரையில் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பின்னும் கழிவுநீரிலிருந்து எளிதில் பிரிக்க முடியாதிருப்பது அதே உப்புதான்.