ஒரு மாத்திரையின் வழக்கு

திருத்தணி மலைக்கு 365 படிகள். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஓர் உள்ளூர்ப் பெரியவர் தயிர்சாதப் பொட்டலத்தை முடித்து, ஒரு மாத்திரையை வாயில் போட்டுச் செம்பு நிறையத் தண்ணீர் குடித்தார்.

"ரத்தத்திலே புற்று, தம்பி. பத்து வருஷமாச்சு. தினம் இதைப் போட்டுக்கிட்டு ஓடுது" என்றார், ஏதோ சர்க்கரை வியாதியைச் சொல்வதுபோல.

மாத்திரையின் பெயர் இமாடினிப். அதற்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது.

வெள்ளைக்காரர் 1911-இல் போட்ட காப்புரிமைச் சட்டம் சுதந்திரத்துக்குப் பின்னும் நம்மை ஆண்டது. அதை ஆராய 1957-இல் நீதிபதி ராஜகோபால ஐயங்காரை நியமித்தார்கள். 1959-இல் அவர் தந்த அறிக்கையைப் படித்தால், சட்டப் புத்தகத்திலும் மனிதர் வாசம் வீசும் என்பது தெரியும். காப்புரிமைகளில் பெரும்பகுதி அந்நியர் கையில். அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் இங்கே உற்பத்திக்கே வரவில்லை! மருந்துக்கு உரிமை வேண்டாம், செய்முறைக்கு மட்டும் போதும் என்றார். 1970-இல் அதுவே சட்டமாயிற்று. வேறு செய்முறையில் அதே மருந்தை நம்மவர் மலிவாகச் செய்யலானார்கள்.

உலக வர்த்தக ஒப்பந்தத்தால் 2005-இல் மருந்துக்கும் உரிமை திரும்பி வந்தது. ஆனால் பாராளுமன்றம் ஒரு தாழ்ப்பாள் போட்டது: தெரிந்த மருந்தை உருமாற்றினால் மட்டும் போதாது, குணமும் கூட வேண்டும்.

ஸ்விஸ் கம்பெனியான நோவார்ட்டிஸ் இமாடினிபின் புதிய படிக வடிவத்துக்கு 1998-இல் சென்னையில் மனுச் செய்திருந்தது. அதன் சரக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியச் சரக்கு 10,000-க்குள். கம்பெனி பலருக்கு இலவசமாகவும் கொடுத்தது, மறைப்பானேன்? ஆனால் தானத்தை நம்பி ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்க முடியுமா? 2006-இல் சென்னை அலுவலகம் மனுவை நிராகரித்தது. சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று கம்பெனி தோற்றது. தீர்ப்பில் ஐயங்காரின் பெயரும் வருகிறது. அசலான புது மருந்துகளுக்கு மட்டும் இந்தத் தீர்ப்பு துணைக்கு வராது. அவற்றின் விலை இன்றும் கண்ணைக் கட்டுகிறது.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். தேதியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"ஏப்ரல் ஒண்ணா? 1960-லே திருத்தணி ஆந்திராவை விட்டு நம்ம பக்கம் வந்த தேதியாச்சே!" என்று செம்பைக் கவிழ்த்துவிட்டு, எனக்கு முன்னால் படியேறினார்.