ஜமக்காளம்: ஒரு விரிப்பின் பெயரும் அதன் அமானிதமும்



நிக்காஹ் மஜ்லிஸாயினும் மௌத்து வீடாயினும், வருவோர் அமர நாம் முதலில் விரிப்பது ஜமக்காளமே. காவிரியோடு பவானியாறு கூடும் நம்மூரின் பெயரை அடைமொழியாகப் பெற்ற விரிப்பு அது. அதன் பெயர் எங்கிருந்து வந்தது?

மக்கள் கூடியமர்வதால், 'ஜமாஅத்' என்பதிலிருந்து பிறந்ததென எண்ணத் தோன்றும். ஜமாஅத்தின் வேரெழுத்துகள் ஜீம், மீம், ஐன், பொருள், ஒன்றுசேர்த்தல். ஜமக்காளத்தின் உறவோ வேறு. கன்னடத்தில் ஜமகானா, தெலுங்கில் ஜம்புகானா என வழங்கும் இச்சொல் இந்துஸ்தானி வழியாகத் தெற்கே வந்தது. இதன் முற்பகுதி, துணி எனப் பொருள்படும் பாரசீக 'ஜாமா' என்பர். காலுக்குரிய ஆடையான பைஜாமாவிலும் அச்சொல்லே உள்ளது. 'கானா' என்பது வீடு, இடம். கார்கானாவில் நாம் கேட்பது அதுவே.

சொற்கள் பொருள் மாறுவதும் உண்டு. 'முஸல்லா' என்றால் தொழுமிடம். அல்பகரா அத்தியாயத்தின் 125ஆம் வசனத்தில் இடத்தையே குறிக்கிறது. நம் வீடுகளிலோ அது தொழுகை விரிப்பின் பெயராயிற்று. ஆகவே, வெளிநாட்டு மென்பட்டு விரிப்பே முஸல்லா என்று பிள்ளைகள் எண்ண வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்கள் பேரீச்ச ஓலைப் பாயில் தொழுததை மைமூனா (ரலி) அறிவித்துள்ளார்கள். தூய்மையான ஜமக்காளமும் தொழுகைக்குத் தகுதியானதே.

பெயருக்கு இன்னொரு கடமையும் உண்டு. குழித்தறியில், ஊடை நூலின் நிறத்தை மாற்றி மாற்றிப் பட்டை பட்டையாக நெய்வதே பவானி ஜமக்காளம். 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. பின்னர் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் விலைபோவதால், நெசவாளியின் கூலி குறைகிறது, தறிகள் ஓய்கின்றன.

கலப்பற்ற பொய்யை 'ஜமக்காளத்தில் வடிகட்டிய பொய்' என்பார்கள். ஜமக்காளத்தின் பெயராலேயே பொய் விற்பதை என்னென்பது? ஈரத் தானியத்தை அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே காட்டிய வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பெயரை மாற்றி விற்பதும் அவ்வகை மோசடியே.

விற்போர் விசைத்தறியை விசைத்தறி என்றே சொல்லட்டும். வீட்டுத் திருமணத்துக்கு வாங்குவோர், எந்தத் தறியில் நெய்தது என்று கேட்டு வாங்கட்டும். நம் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.