பாதவளைவும் கெண்டைக்கால் இறுக்கமும்

பாதத்தின் உள்வளைவு உயர்ந்திருப்பதும் தட்டையாவதும் பாத எலும்புகளோடு முடிகிற விடயமல்ல. கெண்டைக்கால் தசைகளும், அவற்றைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணும் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்பதும் அதில் சேரும். கண்டி போன்ற மேடுபள்ள ஊரில் இந்தத் தொடர்பு நடையிலேயே தெரியும்.

சமதரையில் நடக்கக் கணுக்கால் சுமார் 10 பாகை மேல்நோக்கி மடிந்தால் போதும். ஐந்தடிக்கு ஓரடி உயரும் சரிவிலோ, குதிகாலை ஊன்றி நிமிர்ந்து நிற்பதற்கே 11 பாகை வேண்டும். அடியெடுத்து வைக்க அதற்கும் மேல். கெண்டை இறுகியவர் ஒன்றில் குதிகாலை முன்கூட்டியே தூக்கிவிடுவார். இல்லையேல் கணுக்கால் தராத மடிப்பை நடுப்பாதம் தரும். அப்போது படகெலும்பு தாழ்ந்து, முன்பாதம் வெளிப்பக்கம் திரும்பி, வளைவு படிந்துவிடும். ஹந்தானை, லூல்கந்துரை தேயிலைத் தோட்டங்களில் கொழுந்துக் கூடையோடு நிரையேறும் பெண்களின் பாதங்களுக்குச் சரிவும் சுமையும் சேர்ந்தே வருகின்றன. மலைநாட்டில் தட்டைப் பாதத்தைக் கண்டால் முதலில் கெண்டையைச் சோதிப்பதே முறை. செருப்புக்குள் வைக்கும் தாங்கி பிறகு.

சரிவில் மட்டுமல்ல, நடனத்திலும் இத்தொடர்பு தெரியும். கண்டிய நடனத்தின் அடிப்படை நிலையான ‘மண்டிய’வில் முழங்கால்கள் வெளிப்பக்கம் விரிந்து மடிய, பாதங்களும் வெளிநோக்கும். முழங்கால் மடிந்தால் தொடையெலும்பில் தொடங்கும் மேற்கெண்டைத் தசை தளரும்; எவ்வளவு தாழ இருக்கலாம் என்பதில் அடியிலுள்ள சோலியஸ் தசைக்கே பெரும்பங்கு. விரிவு இடுப்பிலிருந்து வராமல் பாதத்தைத் திருகிப் பெறப்பட்டால் உள்வளைவு நசுங்கும். கண்டியின் எசல பெரஹரா ஊர்வலத்தில் தார்வீதியில் வெறுங்காலுடன் ஆடுபவருக்கு இது சின்ன விடயமல்ல.

அக்கிலிஸ் குதிகால் எலும்பை மேலே இழுக்க, அதன் அடியிலிருந்து விரல்கள்வரை ஓடும் பாதத்தளச் சவ்வும் இறுகுகிறது. விரல்கள் மேல்மடியும்போது இச்சவ்வு இழுபட்டு வளைவை உயர்த்துவதை ஹிக்ஸ் 1954இல் விளக்கினார். ஓட்டத்தில் ஓரடிக்கு அக்கிலிஸ் சுமார் 35 ஜூலும் வளைவு 17 ஜூலும் ஆற்றலைச் சேமிப்பதாகக் கெர் குழுவினர் 1987இல் மதிப்பிட்டனர். கனேடியப் படையினரின் பாதங்களை ஆராய்ந்த ஹாரிஸும் பீத்தும், வெறும் தட்டைப் பாதம் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை என்றும், குறுகிய அக்கிலிஸுடன் சேர்ந்த தளர்ந்த தட்டைப் பாதமே வலியும் இயலாமையும் தரும் என்றும் 1940களிலேயே பிரித்துக் காட்டினர்.

தட்டைப் பாதத்தில் மட்டுமே கெண்டை இறுகும் என்றும் கொள்ளக்கூடாது. மிக உயர்ந்த வளைவுள்ள விறைத்த பாதத்திலும் அது காணப்படும். எது முதலில் வந்தது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

சோதிப்பதற்குக் கருவி வேண்டாம். முழங்காலை நீட்டியபடி கணுக்காலை மடித்துப் பார்த்து, பிறகு முழங்காலை மடித்து அதையே செய்ய வேண்டும். இரண்டாம் முறை மட்டும் நன்றாக மடிந்தால் இறுக்கம் மேற்கெண்டையில். இரு முறையும் மடியாவிட்டால் சோலியஸிலோ தசைநாணிலோ மூட்டிலோ. சுவரில் கைவைத்துக் கெண்டையை நீட்டுகையில் பின்காலின் விரல்கள் நேராகச் சுவரை நோக்க வேண்டும். பாதம் வெளிப்பக்கம் திரும்பினால் கெண்டைக்குப் பதில் வளைவுதான் இழுபடும்.